ஆறரை மணிக்கு எழுதப்பட்ட மருந்துகள்

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்காவுக்கு,

கொழும்பில் ஒரு தனியார் பட்டப்படிப்பு நிறுவனத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இறுதியாண்டுப் பிள்ளைகளின் செயற்றிட்டங்களை இந்த வருடம் வேறு துறையினரோடு சேர்ந்து செய்விக்கலாம் என்று நான்தான் முன்மொழிந்தேன். ஒரு குழு வைத்தியர் ஒருவரோடு சேர்ந்து நீரிழிவுக் கிளினிக் பதிவேட்டைக் கணினிமயப்படுத்துகிறது. இன்னொன்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு டெங்கு வரைபடம் செய்கிறது. மூன்றாவது வவுனியாவில் விவசாயப் போதனாசிரியர் ஒருவரோடு நெல் விளைச்சலைக் கணிக்கப் பார்க்கிறது. இரண்டு மாதத்திலேயே எல்லாம் குழம்பிவிட்டது. வைத்தியர் தொலைபேசியை எடுப்பதில்லை. போதனாசிரியர், "உங்கட பிள்ளையள் நான் சொல்லுறதைக் காதிலையே வாங்குறதில்லை" என்கிறார். பிள்ளைகளோ, "மிஸ், தங்களுக்கு என்ன வேணும் எண்டு அவங்களுக்கே தெரியாது" என்கிறார்கள். ஒருத்தன், "டொக்டராக விருப்பமில்லாமல்தானே மெத்ஸ் எடுத்தனான்" என்று முகத்துக்கு நேரே சொன்னான். அடுத்த வருடம் பாடத்திட்டம் திருத்தப்படுகிறது. உயிரியல், விவசாயம், முகாமைத்துவம் மூன்றிலும் ஒவ்வொரு அறிமுகப் பாடம் வைத்தால் சரிவருமா?

— ஒரு விரிவுரையாளர், தெஹிவளை

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த மூன்று அறிமுகப் பாடங்களையும் வைக்காதீர்கள். பதினைந்து கிழமை உயிரியல் படித்த கணினி மாணவன் பரீட்சையில் கலத்தின் படத்தைக் கீறி அழகாகப் பெயர் குறிப்பான். வைத்தியசாலைக்குள் போனதும் படிக்காதவன் விடும் பிழையைத்தான் அவனும் விடுவான். அந்தப் பிழையை விட்டவள் நான் என்பதால் சொல்கிறேன்.

2000களின் தொடக்கம். கொழும்பில் ஒரு வைத்தியசாலையின் இரண்டு வார்டுகளுக்கு மருந்துப் பதிவு மென்பொருள் எழுதும் வேலை எங்கள் குழுவுக்குக் கிடைத்தது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் தாதியர் எழுதுவதைக் கணினிக்குக் கொண்டுவர வேண்டும். மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம். நேரத்தைத் தாதியர் தட்டச்சுச் செய்யத் தேவையில்லை என்று நான்தான் சொன்னேன். பதிவு செய்யும் கணத்தில் கணினி தானே நேரத்தைப் போட்டுக்கொள்ளும். பிழையும் வராது, பிறகு யாரும் மாற்றவும் முடியாது. அந்த யோசனைக்காகக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

இரண்டு கிழமை கழித்து வைத்தியர் ஒருவர் அச்செடுத்த தாளோடு வந்தார். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி, நாலு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் போடப்பட்டதாகத் தாள் சொன்னது. அந்த வார்டில் இரவு கொடுத்த மருந்துகள் அத்தனையும் காலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் கொடுத்ததாகவே இருந்தன. செய்நிரலை இரண்டு நாள் வரிவரியாகப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் அந்த வார்டின் மூத்த தாதி, ஒரு இரவு வந்து எங்களோடு இருந்து பாருங்கள் என்று சிங்களத்தில் சொன்னார்.

போய் இருந்தேன். நாற்பது கட்டிலுக்கு இரண்டு தாதியர். கணினி இருந்தது வார்டின் மறுகோடியில். நள்ளிரவில் மருந்து கொடுத்துக்கொண்டு போகையில் ஒரு துண்டுத் தாளில் கட்டில் இலக்கத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். இடையில் ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது, இன்னொருவரின் சேலைன் கழன்றுவிடுகிறது. காலை ஏழுக்குக் கடமை மாறும். அதற்கு முன், ஆறரைக்கு, ஒருவர் அந்தத் துண்டுத் தாளை வைத்துக்கொண்டு இருந்து இரவு முழுவதையும் கணினியில் ஏற்றுகிறார். என் அட்டவணையில் நிரலின் தலைப்பு 'மருந்து கொடுத்த நேரம்'. உள்ளே இருந்ததோ, அந்தத் தாதிக்கு நாற்காலியில் இருக்கக் கிடைத்த நேரம்.

திருத்துவதற்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. கொடுத்த நேரம் வேறு, பதிந்த நேரம் வேறு என்று இரண்டு நிரல் போட்டேன். ஆனால் அந்த இரண்டு கிழமையில் யாராவது ஒரு வைத்தியர் அந்தத் தாளை நம்பி அடுத்த ஊசியை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மருந்தியல் முழுவதையும் கரைத்துக் குடித்திருந்தாலும் நான் அந்தப் பிழையை விட்டிருப்பேன். எனக்குத் தெரியாமல் போனது மருந்தைப் பற்றி அல்ல. அந்த எண்ணை யார் எழுதுகிறார், எப்போது எழுதுகிறார், எழுதும்போது கையில் வேறு என்ன வேலை இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்விகளைத்தான் பழக்க வேண்டும். இவற்றைக் கேட்கத் தெரிந்த பிள்ளை எந்தத் துறைக்குள்ளும் போகலாம், தேவைப்பட்ட உயிரியலைத் தேவைப்பட்ட இடத்தில் படித்துக்கொள்ளலாம்.

டெங்குக் குழுவை எடுங்கள். வைத்தியருக்கு டெங்கு என்று சந்தேகம் வந்தாலே எச் 544 படிவத்தில் அறிவிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. அந்தப் படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், அங்கிருந்து அந்தப் பகுதிப் பரிசோதகரின் கைக்கு வரும். 2017இல் இப்படி அறிவிக்கப்பட்டவர்கள் நாடு முழுவதும் 186,101 பேர். உங்கள் பிள்ளைகள் படிவத்தில் உள்ள முகவரியை வரைபடத்தில் புள்ளியாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

இப்போது கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கும், மலையகத்து ஹட்டன் பெடியனை யோசியுங்கள். காய்ச்சல் வந்ததும் முதலாளி இரண்டு நாள் லீவு கொடுக்கிறார், அவன் பஸ் ஏறி வீட்டுக்குப் போய் அங்குள்ள வைத்தியசாலையில் சேர்கிறான். புள்ளி மலையில் விழும். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும் நுளம்பு. கடித்து நாலு முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். அந்த நாட்களின் பகலெல்லாம் அவன் நின்ற இடம் படிவத்தின் முகவரிக் கட்டத்தில் இல்லை. வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, எல்லாப் படிவத்திலும் ஊர் முகவரியையே எழுதும் ஆட்கள் எத்தனை பேர் என்று தெஹிவளையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பரிசோதகருக்கும் இது தெரியும். அவர் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதது ஏனென்றால் பிள்ளைகள் அவரிடம் எக்செல் கோப்பைத்தான் கேட்டார்கள். ஒரு நாள் முழுக்க அவரோடு வீடு வீடாக நடந்து, பூச்சாடித் தட்டையும் பீலியையும் பார்த்துக்கொண்டு வந்திருந்தால், வீட்டுக்காரரிடம் அவர் என்னென்ன கேட்கிறார் என்பதிலிருந்தே தங்கள் தரவுத்தளத்துக்கு எந்தெந்தக் கட்டம் வேண்டும் என்று கண்டுகொண்டிருப்பார்கள். இல்லாவிட்டால் வரைபடம் பார்க்க அழகாக இருக்கும், புகை வேறு ஒழுங்கையில் அடிக்கப்படும்.

அனுபவம் குறைந்த பிள்ளைகள்தான் இப்படிச் சறுக்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 1990களில் அமெரிக்காவில் தேர்ந்த ஆய்வாளர்கள், நியூமோனியாவோடு வருகிறவர்களில் யாருக்கு உயிராபத்து அதிகம் என்று கணினி முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பார்த்தார்கள். தரவிலிருந்து கணினி கற்றுக்கொண்ட விதிகளில் ஒன்று, தொய்வு (ஆஸ்துமா) உள்ளவருக்கு நியூமோனியா வந்தால் இறக்கும் ஆபத்து குறைவு என்பது. வைத்தியர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மையில் நடந்தது என்னவென்றால், தொய்வு உள்ளவர் வந்தால் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கவனிப்பால் பிழைத்தவர்கள்தான் தரவில் இருந்தார்கள். கணினி சொன்னபடி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் சாவு விழுந்திருக்கும். தரவு பொய் சொல்லவில்லை, கணக்கிலும் பிழை இல்லை. மருத்துவரோடு ஒரே மேசையில் இருந்து அந்த விதிகளை வாசித்ததால்தான் பிடிபட்டது.

வகுப்பில் இதை எப்படிப் பழக்குவது? நான் இரண்டு பயிற்சி சொல்கிறேன். இரண்டும் பிள்ளைகளின் சட்டைப் பையிலேயே இருக்கின்றன.

முதலாவது, தேசிய அடையாள அட்டை. இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கண்டுபிடிக்கும் செய்நிரலை எழுதச் சொல்லுங்கள். புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் முதல் நாலு இலக்கம் வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இவ்வளவும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு, தங்கள் தங்கள் இலக்கத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். வகுப்பில் பெரும்பாலானோருக்குப் பிறந்த நாள் ஒரு நாள் பிந்தி வரும். ஏனென்றால் அந்த முறையில் எல்லா வருடத்துக்கும் 366 நாள். பெப்ரவரி 29 இல்லாத வருடத்திலும் அதற்கு ஒரு இடம் விடப்பட்டு, மார்ச் 1 எப்போதும் 61ஆம் நாளாகவே எண்ணப்படுகிறது. எந்தக் கணினி மொழியின் நாட்காட்டிக்கும் இது தெரியாது. தன் பிறந்தநாளைத் தன் செய்நிரலே பிழையாகச் சொல்வதைப் பார்த்த பிள்ளை, இலக்கத்தை உருவாக்கியவரிடம் கேட்காமல் வேலையைத் தொடங்கக்கூடாது என்பதை மறக்காது.

இரண்டாவது, அவர்களுடைய பெயர். ஒரு பதிவுப் படிவத்தை வடிவமைக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு, இரண்டையும் கட்டாயமாக்குவார்கள். எங்களில் அநேகருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. முன்னால் இருப்பது அப்பாவின் பெயர், கலியாணம் முடித்த பெண்ணுக்குப் பலவேளை கணவரின் பெயர். தங்கள் பெயருக்கே இடமில்லாத படிவத்தைத் தாங்களே எழுதுகிறார்கள். பாடப்புத்தகத்தில் கண்ட படிவம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டும்போது வகுப்பு சட்டென்று அமைதியாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதன் பாரம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் சஹானாவைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு இங்குள்ள மென்பொருள் துறையினர் தன்னார்வமாகச் சேர்ந்து, காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருட்கள் ஆகியவற்றைப் பதிய எழுதிய திறந்த மூல மென்பொருள் அது. அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பயன்பட்டது, பிறகு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதும் கிடைத்தது. இந்த நாட்டில் காணாமற்போன ஒருவரைத் தேடும் பதிவேட்டில் ஒரே ஆள் மூன்று எழுத்துமுறையில் வருவார். தமிழில் ஒரே விதமாக எழுதும் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் எஸ் போட்டும் இன்னொருவர் எஸ்எச் போட்டும் எழுதுவார்கள். தாய் ஒரு முகாமில் இருந்து சொன்ன பெயரும், பிள்ளை வேறொரு முகாமில் சொன்ன பெயரும் ஒத்துப்போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகள் யோசிக்கட்டும். பெயர்க் கட்டம் சின்ன விஷயமில்லை.

வவுனியாப் போதனாசிரியரின் மனக்குறைக்கு வருகிறேன். எங்கள் மொழியிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தாருக்கு 'மாதிரி' என்றால் மண் மாதிரி, வயலின் பல இடங்களில் எடுத்துக் கலந்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது. உங்கள் பிள்ளைகளுக்கு 'மாதிரி' என்றால் விளைச்சலைக் கணிக்கும் கணிதக் கட்டமைப்பு. "மாதிரி சரியில்லை, திருப்பிச் செய்ய வேணும்" என்று பிள்ளை ஒன்று சொன்னால் அவர் காதில், "நீங்கள் மண்ணைச் சரியாக எடுக்கவில்லை" என்று விழும். இருபது வருடம் வயலில் நின்ற மனிதர் அதைக் கேட்டால் எப்படி இருக்கும்? நான் இதே சொல்லால் ஒரு கூட்டம் கலைந்ததைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு குழுவும் முதல் கிழமையிலேயே, இரண்டு பக்கத்தாருக்கும் வெவ்வேறு பொருள் தரும் சொற்களின் பட்டியல் ஒன்றைக் கூட்டாளியோடு இருந்து எழுத வேண்டும். 'விளைச்சல்' என்பது காயவைப்பதற்கு முன்னா பின்னா? ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கமக்காரர் சொன்னால் அது எத்தனை கிலோ மூட்டை? விதைத்த பரப்பா, அறுவடை செய்த பரப்பா? இந்தப் பட்டியல் எழுதும்போதே பாதிச் செயற்றிட்டம் முடிந்துவிடும். இன்னொன்று: விதைப்பு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் அந்த மனிதரைத் தொலைபேசியில் பிடிக்க முயலக்கூடாது. செயற்றிட்டக் கால அட்டவணை உங்கள் தவணையைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது, போகத்தைப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும்.

"டொக்டராக விருப்பமில்லாமல்தானே மெத்ஸ் எடுத்தனான்" என்ற பிள்ளையோடு கோபப்படாதீர்கள். பதினாறு வயதில், சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு, வீட்டில் கேட்ட ஒரே கேள்வி பயோவா மெத்ஸா என்பதுதான். கேள்விக்குப் பதில் சொன்ன அன்றே மறுபக்கக் கதவை அடைத்துவிட்டோம். வர்த்தகமும் கலையும் படித்த பிள்ளை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே கூச்சப்பட வைத்தோம். அவன் சொன்னது அவனுடைய வாயால் வந்தாலும் எங்கள் எல்லோருடைய வீட்டுக் கதையும் அதுதான். அவனுக்குச் சொல்ல வேண்டியது, நீ டொக்டராக வேண்டாம், டொக்டர் எழுதும் எழுத்து எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் போதும் என்பது.

கணிதத்தை நம்பி வந்தவனுக்கு இசட் புள்ளியின் கதையைச் சொல்லுங்கள். அவனுடைய பல்கலைக்கழக வாய்ப்பைத் தீர்மானித்ததும் அதுதானே. பெற்ற புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது. முதலாம் வருடப் பிள்ளையே செய்வான். 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டப் பிள்ளைகளும் புதிய பாடத்திட்டப் பிள்ளைகளும் தோற்றினார்கள். வேறு வேறு வினாத்தாள் எழுதிய இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் அந்தக் கணிப்பு ரத்தாகி, தனித்தனியாகக் கணிக்க வேண்டியதாயிற்று. சூத்திரத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. யாருடைய சராசரி என்பதுதான் கேள்வி, அதைக் கேட்பதற்குக் கல்வியும் சட்டமும் புள்ளிவிபரமும் ஒன்றாக வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மாதக்கணக்கில் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

பாடத்திட்டம் திருத்தும் குழுவில் வெளிநாட்டு உதாரணங்கள் மேசைக்கு வரும். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் கணினி விஞ்ஞானத்தை மானிடவியல், வானியல், இரசாயனவியல், மொழியியல் என்று ஒவ்வொன்றோடும் இணைத்துப் பட்டம் தருகிறது. அங்குள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2018இல் கணினியியலுக்குப் புதிய கல்லூரியை அறிவித்தபோது, தன் துறையோடு கணினியும் தெரிந்தவர்களை 'இருமொழியாளர்' என்று அதன் தலைவர் அழைத்தார். சொல் நல்ல சொல். ஆனால் மூன்று மொழி புழங்கும் கொழும்பில் எங்களுக்கு அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் கூடத் தெரியும். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் சிங்கள வைத்தியருக்கு முன்னால் அம்மாவை இருத்தி மகள் மொழிபெயர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அம்மா "நெஞ்சு எரியுது" என்கிறார். சிங்களம் தண்ணீர்பட்டபாடாகப் பேசும் மகள், அவசரத்தில் அதை நெஞ்சு நோ என்று சொல்லிவிடுகிறாள். நல்ல மகள் ஒரு கணம் நின்று அம்மாவிடம் திரும்பி, "எரியுதா, நோகுதா, அமத்துதா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தியர் பக்கம் திரும்புகிறாள். இரண்டு மொழியும் தெரிந்திருப்பது ஒன்று, அப்படி நின்று திரும்பிக் கேட்பது இன்னொன்று. பாடம் கூட்டினால் முதலாவது வரும்; இரண்டாவதற்குப் பழக்கம் வேண்டும்.

எங்கள் ஊரிலேயே இந்தப் பாலத்தை மறுகரையிலிருந்து கட்டியிருக்கிறார்கள் என்பதையும் குழுவில் சொல்லுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகம் வைத்தியர்களுக்கு, மருத்துவத் தரவுகளைக் கணினியில் கையாளும் தகவலியலில் முதுமாணிப் படிப்பு நடத்துகிறது. 2020 ஜனவரியில் கொரோனா பரவத் தொடங்கியபோது, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மூலச் சுகாதாரத் தகவல் முறையை விமான நிலையத்தில் வந்திறங்குகிறவர்களைக் கண்காணிக்க உலகிலேயே முதலில் மாற்றியமைத்தது இலங்கை. பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. தகவலியல் படித்த வைத்தியர்கள் அமைச்சிலும் மென்பொருள் பக்கத்திலும் ஏற்கெனவே இருந்ததால்தான் அவ்வளவு வேகமாக நடந்தது. அப்படியான ஒருவரை உங்கள் வகுப்புக்கு ஒரு பின்னேரம் கூப்பிட்டுக் கதைக்க வையுங்கள். மூன்று அறிமுகப் பாடத்தை விட அது உதவும்.

பாடத்திட்டத்தில் ஒரே ஒரு இடம்தான் கிடைக்கும் என்றால், அளவிடல் பற்றிய பாடம் ஒன்றை வையுங்கள்: தரவு எப்படிச் சேகரிக்கப்படுகிறது, யார் அதற்குள் வராமல் விடுபடுகிறார்கள், வெற்றுக் கட்டம் என்றால் 'இல்லை' என்றா 'கேட்கவில்லை' என்றா பொருள். புள்ளிவிபரவியலின் பாதியும் கள வேலையின் பாதியும் கலந்த பாடமாக அது இருக்க வேண்டும். அதைவிட்டால் எழுத்து. வைத்தியருக்கு விளங்கும் ஒரு பக்கத்தை எழுதத் தெரியாமல் நாலு வருடம் முடித்து வெளியே வருகிறார்கள்.

புள்ளியிடும் முறையை மாற்றாமல் இதெல்லாம் நடக்காது. பிள்ளைகள் எங்கே புள்ளி இருக்கிறதோ அங்கேதான் உழைப்பார்கள், அதில் தப்பில்லை. முதல் மூன்று கிழமைக்குச் செய்நிரல் எழுதவே கூடாது. போய் இருந்து பார்த்து, அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, அந்தத் துறைக்காரருக்கே வாசித்துக் காட்டட்டும். அவர் எத்தனை இடத்தில் "அப்படியில்லை" என்று திருத்தினார் என்ற தாளையும் சேர்த்துத்தான் ஒப்படைக்க வேண்டும். திருத்தம் நிறைய இருந்தால் புள்ளியைக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். அவர் மனம் திறந்து கதைத்திருக்கிறார் என்று அர்த்தம். இதற்கு மொத்தப் புள்ளியில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். "இங்கே மென்பொருள் தேவையில்லை, பதிவேட்டில் ஒரு நிரல் கூட்டினால் போதும்" என்ற முடிவோடு ஒரு குழு வந்து, அதைக் காரணத்தோடு நிறுவினால், அவர்களுக்கு முழுப் புள்ளி கொடுங்கள். உங்கள் சக விரிவுரையாளர்கள் எதிர்ப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த முடிவுக்கு வரும் நேர்மையுள்ள பொறியியலாளரை நான் என் குழுவில் முதல் ஆளாக எடுப்பேன்.

நோயாளர் விபரங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனிக் கவனத்துக்குரிய வகையாகவே வைத்திருக்கிறது. பெயரோடு இருக்கும் கிளினிக் பதிவேட்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டிருந்தால் இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் கிழமைக்கணக்கில் எடுக்கும், அதையும் கால அட்டவணையில் சேருங்கள்.

கடைசியாக, தொலைபேசியை எடுக்காத வைத்தியர். காலையில் வார்ட், பிறகு கிளினிக். பிள்ளைகள் எழுந்து அழைக்கும் நேரத்தில் அவருக்கு முன்னால் நூறு பேர் நிற்பார்கள். அவரை விட்டுவிடுங்கள். நீரிழிவுப் பதிவேட்டை எழுதுவது அவரில்லை. கிளினிக் வாசலில் மேசை போட்டு, கொப்பியைப் பார்த்து இலக்கம் கொடுத்து, சீனியின் அளவைப் பதிவது ஒரு தாதியோ எழுதுவினைஞரோதான். முறைப்படி அனுமதி எடுத்துக்கொண்டு, அடுத்த கிளினிக் நாள் மடிகணினி இல்லாமல் இரண்டு பிள்ளைகளை மட்டும் அனுப்புங்கள். கூட்டம் குறையும் வரை ஒரு ஓரமாக இருந்து பார்க்கட்டும். பிறகு அந்த மேசைக்குப் போய், "இந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுதுவது உங்களுக்கு ஆகக் கஷ்டம்?" என்று மட்டும் கேட்கட்டும். அவர் சொன்னதை எழுதிய அந்த ஒரு பக்கத்தை, பெயர் விபரம் எதுவும் இல்லாமல், எனக்கும் அனுப்பிவையுங்கள். நான் வாசித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா